அமெரிக்காவைப் பற்றி வாசிக்கப் பதினோரு புத்தகங்களும் ஒரு ரப்பரும்

சாத்தான்குளத்திலிருந்து தர்மராஜ் அத்தான் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். அத்தான் என் அக்காளின் கணவர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இப்போது சபையின் வாசகசாலை அவர் பொறுப்பில் இருக்கிறது.

"ஏலே ஜெபா, நம்ம சபையில வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவுல இருக்கு. கல்யாண வீட்டுல போய் உக்காந்தா எல்லாவனும் அந்த ஊரப் பத்தித்தான் பேசுதான். ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. வாசகசாலையில ஒரு தட்டு ஒதுக்கிருக்கேன். கதைப் புஸ்தகம் வேண்டாம். அங்கன உள்ளத உள்ளபடி சொல்லுத புஸ்தகமாப் பாத்து ஒரு பட்டியல் போடு. எத எதுக்கு வாசிக்கணும்னு ரெண்டு வரி எழுது. சபை மலர்ல போட்டுருவோம். நீதான் பென்சிலும் கையுமா வாசிக்கிற ஆளாச்சே."

கடைசி வரியைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பின்னால் அக்காளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. பட்டியலைச் சொன்னால் அதையும் சொல்லியாக வேண்டும். சொல்லும் அளவுக்கு இன்னும் மனம் தெளியவில்லை. இருந்தாலும் அத்தான் கேட்டு மறுத்துப் பழக்கமில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் நாசரேத்தில் படித்து, தூத்துக்குடியில் உப்பு ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடம் இருந்தவன். துறைமுகத்துக்குப் போகும் உப்பில் மண் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. இங்கே ஒஹாயோவில் ஒரு சிற்றூரின் குடிதண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிறேன். கடல் தாண்டி வந்ததில் தொழிலில் ஏற்பட்ட முன்னேற்றம் அவ்வளவுதான். மனைவி ஹெப்சி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஒரே மகள் பெனிட்டா. பதினேழு வயது, பள்ளியில் கடைசி வருடம்.

பெனிட்டாவுக்கு இந்த வசந்தத்தில் இரண்டு கல்லூரிகள் இடம் கொடுத்தன. ஒன்று வீட்டிலிருந்து காரில் நாற்பது நிமிடம். இன்னொன்று நாட்டின் மறுகரையில், விமானத்தில் ஐந்து மணி நேரம். மே முதல் தேதிக்குள் அவள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எது என்று என்னிடம் சொல்லவில்லை. இரண்டு வருடமாகவே என்னிடம் அவள் பேசுவது தந்தி அடிப்பது போலத்தான். தூரத்துக் கல்லூரியை அவள் எடுத்தால் அது படிப்புக்காக இருக்காது, என்னை விட்டுப் போவதற்காகத்தான் இருக்கும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பட்டியலில் உள்ள புத்தகங்களை எல்லாம் இந்தக் கவலையோடுதான் வாசித்தேன். ஆகவே என் மதிப்பீடுகளில் கொஞ்சம் கோணல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தொடங்கியது

அவள் பதினைந்து வயதில் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு அது சாப்பாட்டுக்கு மட்டும் திறக்கும் கதவாகிவிட்டது. எங்கள் அப்பா நாசரேத்தில் வாத்தியார். ஒரு பாடம் விளங்கவில்லை என்றால் அதற்கான புத்தகத்தை எடு என்பதைத் தவிர வேறு எந்த வைத்தியமும் எங்கள் வீட்டில் கிடையாது. நான் ஊர் நூலகத்துக்குப் போனேன். அங்கே கேரல் என்ற அம்மையார் இருந்தார். அவரிடம், "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவள் அமெரிக்கக்காரியாக மாறிக்கொண்டிருக்கிறாள். அதற்கு எந்தப் புத்தகம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

கேரல் சிரிக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் போல, "என்ன வயது?" என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் நான்கு புத்தகங்களுடன் வந்தார். "இதை முடித்துவிட்டு வாருங்கள், பார்க்கலாம்" என்றார்.

இப்படி இரண்டு வருடத்தில் பதினொன்று. தலைப்புகளை அத்தானுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன், இங்கே சொல்லப் போவதில்லை. தலைப்பைச் சொன்னால் அதை மட்டும் வாசித்துவிட்டு ஐக்கிய விருந்தில் அரை மணி நேரம் பேசும் ஆட்கள் நம் சபையில் குறைந்தது நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் என்னைத் தெரியும். ஆகவே நூலக அடுக்கு எண்ணை மட்டும் தருகிறேன். உலகத்தில் பல நூலகங்களில் இந்த எண்கள் ஒன்றுதான்.

வாசிக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டு வேதாகமத்தில் வசனத்தைவிட ஓரம் சுவாரசியமாக இருக்கும். யோபின் புத்தகத்துக்கு எதிரே அப்பாவின் பென்சில் எழுத்தில், "பசு செத்தது. மூன்று நாளாக மழை." நீதிமொழிகளில், "ஜெபா கணக்கில் 32. பொறுமை வேண்டும்." அக்காளைப் பெண் பார்க்க வந்த அன்று, அதிகம் பேசுவதைக் கண்டிக்கும் ஒரு வசனத்துக்கு நேரே, "மாப்பிள்ளை நல்ல பையன். அதிகம் பேசுகிறார்." நாசரேத்தில் பல வீடுகளில் இப்படித்தான். வாயால் சொல்ல முடியாததை எல்லாம் ஓரத்தில் எழுதித் தேதி போடுவார்கள்.

நானும் அப்படியே பழகிவிட்டேன். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் மையில் எழுதினால்தான் எழுத்து, பென்சிலில் எழுதினால் அது வெறும் நினைப்பு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தவிர, இந்த ஊரில் எங்களையும் சேர்த்து மூன்று தமிழ்க் குடும்பங்கள். மற்ற இரண்டும் நூலகத்துக்கு வருவது குழந்தைகளுக்குச் சினிமா டிவிடி எடுக்க மட்டுமே. நான் தைரியமாக எழுதினேன், தமிழில்.

635.9: புல்

வீட்டு முன்னால் இருக்கும் புல்வெளியின் வரலாறு. முந்நூறு பக்கம். புல்லைப் பற்றி முந்நூறு பக்கமா என்று நானும் நினைத்தேன். எங்கள் பக்கம் புல் முளைத்தால் அது ஆட்டின் பொறுப்பு. செம்மணல் தேரிக்காட்டில் அதுவும் கிடையாது.

வந்த புதிதில் ஒரு மாதம் நான் புல் வெட்டவில்லை. பக்கத்து வீட்டு டான் வந்து கதவைத் தட்டி, "வீட்டில் எல்லோரும் சுகம்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். நான் எல்லோரும் சுகம் என்று சொன்ன பிறகும் அவர் போகவில்லை. புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் துக்கம் விசாரித்தது எங்களுக்காக இல்லை, புல்லுக்காக என்பது இந்தப் புத்தகம் வாசித்த பிறகுதான் விளங்கியது.

இங்கே வீடுகளுக்கு முன்னால் மதில் கிடையாது. ஒரு வீட்டின் புல் அடுத்த வீட்டின் புல்லோடு சேர்ந்து தெரு முழுக்க ஒரே பாயாக ஓடுகிறது. ஒருவன் வெட்டாவிட்டால் பாயில் ஓட்டை. ஆளுயர மதில் கட்டி அதன் மேல் கண்ணாடிச் சில்லு பதித்து வாழும் நமக்கு இது சொல்லித் தந்தால்தான் தெரியும். ஆறு மாத விசாவில் வந்து பிள்ளையின் வீட்டு முன்னால் முருங்கை நடும் பெற்றோர்கள் விமானத்திலேயே வாசிக்க வேண்டிய புத்தகம்.

395: பழகும் முறை

இதை நான் ஆறு வருடம் முன்பே வாசித்திருந்தால் ஒரு அவமானம் மிச்சமாகியிருக்கும். என்னோடு வேலை பார்க்கும் க்ரெக், "எப்போதாவது நீங்கள் குடும்பத்தோடு வீட்டுக்கு வர வேண்டும்" என்றார். நான் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, கழுத்தில் டையோடு, ஹெப்சி பட்டுப் புடவையோடு, அக்காள் அனுப்பிய தூத்துக்குடி மக்ரூன் பொட்டலத்தோடு அவர் வீட்டு மணியை அடித்துவிட்டேன்.

க்ரெக் அரைக்கால் சட்டையில் கதவைத் திறந்தார். என் டையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"தண்ணீரில் ஏதாவது?" என்றார்.

ஊர்த் தண்ணீர் கெட்டுவிட்டது, ஆய்வுக்கூடத்து ஆள் ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்திருக்கிறார். ஹெப்சி பொட்டலத்தை நீட்டி, "மக்ரூன்" என்றாள்.

அப்போது பதினொரு வயதாயிருந்த பெனிட்டா காரின் பின் சீட்டில் படுத்துக்கொண்டாள். வெளியே வர மறுத்துவிட்டாள். திரும்பி வரும்போது ஹெப்சிதான் பேசினாள். "வாங்கன்னு சொன்னா போகாம இருக்கது எங்க ஊர்ல மரியாதக் கேடு. இங்க போறது மரியாதக் கேடாக்கும். நாம இனிமே யாரு சொன்னாலும் காதுலயே வாங்க வேண்டாம்."

'எப்போதாவது வாருங்கள்' என்பது அழைப்பில்லை, வணக்கத்தின் நீண்ட வடிவம், தேதி சொன்னால்தான் அழைப்பு என்பதை இந்தப் புத்தகம் நான்காம் அத்தியாயத்தில் சொல்கிறது. ஓரத்தில் நான் எழுதியது: "நாசரேத்தில் தேதி சொன்னால் அது கல்யாணம்."

388: சாலையும் வண்டியும்

கார் இல்லாமல் பால் வாங்க முடியாதபடி இந்த நாட்டில் ஊர்களை எப்படிக் கட்டினார்கள் என்பது பற்றி. வாசித்தால் இங்கே பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஓட்டுநர் உரிமம் ஏன் அவ்வளவு பெரிது என்று தெரியும். நம் சபையில் அந்த வயதில் திடப்படுத்தல் ஆராதனை நடக்கும், பிள்ளையைப் பெரியவர்கள் வரிசையில் சேர்க்கும் சடங்கு. இங்கே அது மோட்டார் வாகன அலுவலகத்தில் நடக்கிறது. பேராயருக்குப் பதில் கையில் அட்டை வைத்திருக்கும் ஓர் அம்மாள்.

நான் ஒரு வருடம் தள்ளிப்போட்டு, இந்தப் பிப்ரவரியில்தான் பெனிட்டாவுக்குப் பழக்கினேன். பக்கத்து சீட்டில் நான்.

"அப்பா, உங்க பக்கம் பிரேக் கிடையாது."

"தெரியும்."

"பின்ன எதுக்கு மிதிக்கிய?"

நான் அசந்து போனேன். வண்டிக்காக இல்லை, அந்த 'மிதிக்கிய'வுக்காக. நாங்கள் வீட்டில் பேசும் தமிழ் பத்தொன்பது வருடத்தில் சாயம் போன தமிழ். அதற்குக்கூட அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். இவள் வாயில் சாத்தான்குளம் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் ஒரு சிவப்பு விளக்கைக் கவனிக்கச் சொல்ல மறந்துவிட்டேன். அவளே நிறுத்தினாள்.

305.8: தெற்கிலிருந்து வடக்குக்கு

கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தெற்கு மாநிலங்களை விட்டு வடக்கு நகரங்களுக்கு ரயிலேறி வந்த கதை. இதைப் பற்றி வேடிக்கையாக எழுத என்னிடம் எதுவும் இல்லை. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்று பிறர் சொல்லக் கேட்டு வாழ்ந்த பனங்காட்டு மனிதர்களின் பேரன்கள் நாம். மிஷன் பள்ளி வந்து நான்கு எழுத்து படித்ததும் அதை மறந்துவிட்டு, இங்கே வந்து கறுப்பர்கள் இருக்கும் பகுதியில் வீடு பார்க்காதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். பதினொன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வாசகசாலை இதை வாங்கட்டும்.

307.7: காலியான ஊர்கள்

தொழிற்சாலை மூடியதும் பிள்ளைகள் எல்லாம் போய்விட, கிழவர்களும் தேவாலயமும் மிஞ்சிய ஊர்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மூன்று இருக்கின்றன. ஓரத்தில், "கொற்கை. துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. கடல் விலகிப் போனது" என்று எழுதி, அதன் கீழே, "துறைமுகத்தின் மேல் என்ன குற்றம்?" என்றும் எழுதினேன். அது மார்ச் மாதம், இரண்டாம் கல்லூரியின் கடிதம் வந்த வாரம்.

305.235: பதின்வயது

மற்ற ஐந்து புத்தகங்களை அத்தானே விவரிப்பார். நன்றாகவே விவரிப்பார், ஏனென்று சொல்கிறேன். இது பட்டியலில் கடைசி, நான் அதிகம் எழுதிய புத்தகம்.

அமெரிக்க வீடுகளில் பிள்ளைகள் எப்படி மெல்ல மெல்லப் பெற்றோரை விட்டுத் தனியாகிறார்கள் என்று ஓர் ஆய்வாளர் பல வீடுகளில் உட்கார்ந்து பார்த்து எழுதியது. கதவைச் சாத்துவது பெற்றோருக்கு எதிராக இல்லை, பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்வதற்காக என்று ஓரிடத்தில் சொல்கிறார். நான் ஓரத்தில், "எங்கள் வீட்டில் கதவே கிடையாது, திரைதான்" என்று ஆரம்பித்தேன். பிறகு அடக்க முடியவில்லை.

"இன்று 'ம்' எட்டு. 'ஓகே' மூன்று. முழு வாக்கியம் இல்லை."

"வீம்பு. ஹெப்சி குடும்பத்து வீம்பு."

"கண்ணுக்கு மை. யாருக்காக என்று கேட்கவில்லை. கேட்டால் நூலகத்தில் இதற்கும் ஒரு புத்தகம் எடுக்க வேண்டும்."

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஜனவரியில் ஒன்று எழுதினேன். தூரத்துக் கல்லூரிக்கு அவள் விண்ணப்பித்திருக்கிறாள் என்பது அவள் சொல்லி எனக்குத் தெரியவில்லை. பள்ளி ஆலோசகர் பெற்றோருக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சலில் தெரிந்தது. அன்று மாலை பென்சிலை எடுத்து எழுதித் தேதி போட்டேன். மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எழுதியதை மறந்தும்விட்டேன்.

நூலகத்தின் பின்னறை

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை கேரல் தொலைபேசியில் அழைத்தார். நீங்கள் எடுத்த சில புத்தகங்களைப் பற்றிப் பேச வேண்டும், வர முடியுமா என்றார். கனிவான குரல்தான். இருந்தாலும் அரசாங்கக் கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தால் நம் ஆள் வெறுங்கையோடு போவானா? பாஸ்போர்ட், குடியுரிமைச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டேன்.

ஹெப்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். "கூப்பிட்டது லைப்ரரி. கோர்ட்டு இல்ல. பத்தாங்கிளாஸ் மார்க்கை அவுங்க எதுல ஒட்டப் போறாங்க? வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டுத்தான் போனேன். மதிப்பெண் பட்டியலை மட்டும்.

கேரல் என்னைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். ஒரு நீண்ட மேசை. அதில் பதினோரு புத்தகங்கள் அடுக்கியிருந்தன. மேசையின் அந்தப் பக்கம் கழுத்தில் தொண்டர் அட்டையோடு பெனிட்டா.

இங்கே பள்ளிப் பிள்ளைகள் குறிப்பிட்ட மணி நேரம் பொதுச் சேவை செய்ய வேண்டும். பெனிட்டா ஜனவரியிலிருந்து சனிக்கிழமை காலைகளில் நூலகத்துக்குப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். புத்தகம் அடுக்குகிறாள் என்று நினைத்திருந்தேன். திரும்பி வரும் புத்தகங்களைப் புரட்டி, பென்சில் கோடுகளை ரப்பரால் அழிப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை என்பது அன்றுதான் தெரிந்தது. என் கையெழுத்தை முதல் வாரமே கண்டுபிடித்திருக்கிறாள். குளிர்பதனப் பெட்டியில் நான் ஒட்டும் மளிகைச் சீட்டின் அதே எழுத்து. அழிக்காமல் எடுத்து வைத்திருக்கிறாள். பிறகு என் கணக்கில் இருந்த மற்றவற்றையும் தேடி எடுத்துத் தள்ளுவண்டியின் கீழ்த் தட்டில் சேர்த்திருக்கிறாள். நான்கு மாதம். அன்று காலை யாரோ புல் புத்தகத்தைக் கேட்டு வர, எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"இது உங்கள் எழுத்தா?" என்றார் கேரல்.

"ஆம்."

"அழகாக இருக்கிறது. ஏதாவது ஆராய்ச்சிக் குறிப்பா?"

நான் வாய் திறப்பதற்குள் பெனிட்டா ஆங்கிலத்தில், "இல்லை, அவர் என் அப்பா" என்றாள்.

கேரல் அதில் எல்லாம் அடங்கிவிட்டது போலத் தலையசைத்தார். எழுதியவரே அழித்துக் கொடுத்தால் போதும் என்று சொல்லி, ஒரு புது ரப்பரை என் கையில் வைத்துவிட்டுப் போனார். பைலை அவர் கேட்கவே இல்லை.

நான் மகளைப் பார்த்தேன். "உனக்குத்தான் தமிழ் வாசிக்கத் தெரியாதே."

"எனக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியும்."

காரில் எதையோ மறந்துவிட்டேன் என்று சொல்லி வெளியே வந்து சாத்தான்குளத்துக்குப் போன் போட்டேன். அத்தான் எடுத்தார்.

"அத்தான், பெனிட்டா சனிக்கிழமை சனிக்கிழமை அங்க…"

"ஆமா. நாங்க சாயங்கால ஜெபம் முடிச்சி எந்திரிக்கவும் அவ வீடியோவுல வரவும் சரியா இருக்கும். பக்கத்தக் காட்டுவா. உங்க அக்கா வாசிப்பா. நான் விளக்கம் சொல்லுவேன். நல்ல பிள்ளைலே. இப்போ நம்மள மாதிரியே பேசுதா."

"எல்லாத்தையுமா வாசிச்சீங்க?"

"உன் எழுத்து கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு. சிலது விளங்கல. அதுக்கெல்லாம் நானே சொந்தமா ஒண்ணு போட்டுக்கிட்டேன்."

"அது என்னோட சொந்த விஷயம் அத்தான்."

"ஏலே, எதுக்குப் பதறுத? உங்க அப்பா என்னைய 'அதிகம் பேசுகிறார்'னு வேதாகமத்துலயே எழுதி வச்சிட்டுப் போனாரு. முப்பது வருசமா உங்க அக்கா அத எனக்கு வாசிச்சிக் காட்டுதா. நான் செத்தா போனேன்?"

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம்?"

அத்தான் பேசவில்லை. அவரைத் தெரிந்த இத்தனை வருடத்தில் இது முதல் தடவை.

"அதத்தான் உங்க அக்கா வாசிக்க மாட்டேன்னுட்டா" என்றார் கடைசியில். "விளங்கலன்னு சொல்லிருன்னு நான் கண்ணக் காட்டுனேன். அவளுக்குப் பொய் வராதே. 'இத உங்க அப்பாகிட்டயே கேட்டுக்கோ'ன்னு சொல்லிட்டா. பிள்ளை மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு. போ. போய் என்னன்னு பாரு."

எனக்கு அந்த வரி அப்போதுதான் முழுதாக நினைவுக்கு வந்தது. திரும்பி உள்ளே நடக்கும்போது என் திட்டம் ஒன்றுதான்: உட்கார்ந்த உடனே அந்தப் பக்கத்தை அழித்துவிடுவது. பிறகு கேட்டால் டயருக்குக் காற்றடிப்பது பற்றி எழுதியிருந்தேன் என்று சொல்லலாம்.

நான் வந்தபோது அந்தப் புத்தகம் அடுக்கில் இல்லை. பெனிட்டாவின் முழங்கைக்குக் கீழே இருந்தது.

"மொதல்ல இதுங்க" என்று மற்ற பத்தையும் என் பக்கம் தள்ளினாள்.

அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் நான் வாசிக்க வேண்டும் என்றாள். வாசித்தேன். அவள் அத்தை வீட்டு விளக்கத்தோடு சரிபார்த்தாள். கொற்கைக் குறிப்பில் நிறுத்தி, "இதுல போர்ட் யாரு, ஸீ யாரு?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்போ போர்ட் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்" என்றாள். சாலைப் புத்தகத்தில் ஓர் இடத்தைக் காட்டி, "இதுக்கு மாமா, 'பெனிட்டா தங்கமான பிள்ளை, நன்றாக ஓட்டுகிறாள்'னு சொன்னாவ" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். "முன் டயரில் காற்று குறைவு" என்று எழுதியிருந்தது.

பொய் சொல்லியிருக்கலாம். என்னவோ, சொல்ல வரவில்லை. உள்ளதை வாசித்தேன். அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் சாத்திய கதவு வழியாக மட்டும்தான் கேட்டிருந்தேன். கேரல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பத்தும் முடிந்தது. முழங்கையை எடுத்து, புத்தகத்தை இருநூற்றுப் பன்னிரண்டில் திறந்து என் முன்னால் வைத்தாள். சிரிப்பு போய்விட்டது.

"வாசிங்க."

வாசித்தேன். "இவள் பிறக்காமல் இருந்திருந்தால் நானும் ஹெப்சியும் எப்போதோ ஊர் திரும்பி நிம்மதியாக இருந்திருப்போம். ஜனவரி 18."

அவளுக்குப் புரியாத வார்த்தை அதில் ஒன்றும் இல்லை. தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஸ்கூல் ஈமெயில் வந்த அன்னைக்கா?"

"ஆமா."

"கோவத்துல எழுதினியளா?"

கோபம் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். அதற்கு மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் தெரியும். ஆனால் அது கோபம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. நான் ரப்பரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"அப்பா, நான் தூரத்துலதான் சேரப் போறேன். நேத்து சாயங்காலம் சைன் பண்ணிட்டேன். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. உங்களை விட்டு ஓடுறதுக்கு இல்ல. அங்கதான் எனக்குப் பிடிச்ச படிப்பு இருக்கு."

வீட்டில் என்றால் எழுந்து போயிருப்பேன், ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்திருப்பேன். இங்கே சுற்றிலும் புத்தகம்தான், ஆனால் கையில் பென்சில் இல்லை.

"எனக்குப் பயமா இருக்குளா" என்றேன்.

"தெரியும்ப்பா" என்றாள். "நாலு மாசமா அதத்தான வாசிக்கேன்."

என் கையிலிருந்து ரப்பரை வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கத்தை அவளே அழித்தாள். மற்ற எல்லாவற்றையும்விட அதற்கு அதிக நேரம் பிடித்தது. நான் அழுத்தி எழுதியிருந்தேன்.